கல்லூரியில் ஓடியே ஜெயித்த குவார்ட்டர்பேக் என்.எஃப்.எல்.லில் நிற்பாரா?

புதுவயல் சரவணன்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீஸில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து வேலை அனுப்பும் சூப்பர்வைசர் நெப்ராஸ்காவில் லிங்கன் ஊர்க்காரர். மீட்டிங் ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும், அவர் ஊர் பல்கலைக்கழகத்தின் 1995 அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமை ஆபீஸ் இல்லை. நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும் முதல் ஆட்டத்திலிருந்து கண் தாங்குகிற வரைக்கும் பார்க்கிறேன்.

என் சந்தேகம் இதுதான். டாமி ஃபிரேசியர் என்ற குவார்ட்டர்பேக் (பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவு செய்கிறவர்) நெப்ராஸ்காவுக்கு 1994, 1995 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1996 ஜனவரியில் ஃப்ளோரிடாவை 62-24 என்று அடித்த இறுதி ஆட்டத்தில் 75 கெஜம் ஓடி ஒரு டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) போட்டிருக்கிறார். வழியில் எத்தனை பேர் பிடித்தார்கள், எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அப்படிப்பட்டவரை அந்த வருட டிராஃப்டில் (தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஒரு அணிகூட எடுக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் எரிக் கிரவுச் 2001-இல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அவரை செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது, ஆனால் பந்து பிடிக்கிற ரிசீவராக. என்.எஃப்.எல்.லில் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் போய்விட்டார்.

இந்தப் பக்கம் பார்த்தால் லாமர் ஜாக்சன், ஜேலன் ஹர்ட்ஸ் என்று என்.எஃப்.எல்.லில் ஜெயித்த குவார்ட்டர்பேக்குகள். அவர்களும் கல்லூரியில் ஓடியவர்கள்தானே? அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? சூப்பர்வைசரிடம் கேட்டால் மறுபடியும் 1995-க்கே போய்விடுகிறார்.

---

தேவகோட்டை மணி:

நிற்க மாட்டார்கள். ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை, பட்டியலைப் பாருங்கள். டிம் டீபோ: 2007 ஹைஸ்மன், என்.எஃப்.எல்.லில் மூன்று பருவம். ராபர்ட் கிரிஃபின்: 2011 ஹைஸ்மன், முதல் வருடம் ஊரே கொண்டாடியது, முட்டி போனது, கதை முடிந்தது. வின்ஸ் யங் 2006 ரோஸ் பவுல் என்ற கல்லூரி இறுதி ஆட்டத்தை ஏறக்குறைய தனி ஆளாக ஜெயித்தார். இப்போது யாருக்காவது நினைவிருக்கிறதா? கேம் நியூட்டன் எம்.வி.பி. (சிறந்த வீரர் விருது) வாங்கினார், சரி. அவர் தோள் எத்தனை வருடம் தாங்கியது?

டாம் பிரேடி 40 கெஜ ஓட்டத்தை 5.28 நொடியில் ஓடியவர். அவர் கையில் ஏழு சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். இறுதி ஆட்டம்) கோப்பை. ஓடத் தெரியாதவன்தான் அந்த விளையாட்டில் நீடிப்பான்.

---

கொத்தமங்கலம் ஆச்சி:

மணி தம்பி சொன்ன பெயர்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருடம் மேரிலாந்தில் ஓவிங்ஸ் மில்ஸில் இருந்தோம். பால்டிமோர் ரேவன்ஸ் அணி பயிற்சி எடுக்கிற இடமே அந்த ஊரில்தான். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை அந்த அணியின் ஊதாச் சட்டை போட்டு அனுப்பியாக வேண்டும், அப்படித்தான் எனக்கும் தொற்றியது. இப்போது கொத்தமங்கலத்தில் எங்கள் பழைய வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஞாயிறு ராத்திரி ஆட்டம் நமக்குத் திங்கள் காலை ஆறு மணி வாக்கில் வரும். வளவில் டிவியை வைத்தால் வானவெளி வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று இரண்டாம் கட்டுக்கு மாற்றிவிட்டேன். பால்காரர் வந்து மணி அடித்தாலும் காதில் விழுவதில்லை என்பது ஒன்றுதான் குறை.

விஷயத்துக்கு வருகிறேன். ஓடுகிற குவார்ட்டர்பேக் ஏன் கல்லூரியில் அவ்வளவு பெரிய ஆயுதம்? ஆள் கணக்குதான் காரணம். சாதாரணமாக குவார்ட்டர்பேக் பந்தைப் பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுத்துவிட்டு சும்மா நிற்பார். அப்போது தாக்கும் பக்கத்தில் பத்துப் பேர், தடுக்கும் பக்கத்தில் பதினொரு பேர். எப்போதும் ஒருவன் மிச்சம், அவன் வந்து பிடித்துவிடுவான். குவார்ட்டர்பேக்கும் ஓடுவார் என்றால் பதினொன்றுக்குப் பதினொன்று. ஜோன் ரீட் என்று ஒரு முறை உண்டு. வரிசைக் கடைசியில் நிற்கும் தடுப்பாளனை யாரும் மறிக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அவன் வெளியே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். எதைச் செய்தாலும் அவனுக்குத் தப்பு.

கல்லூரியில் அப்படி விடப்படுகிற பையன்களில் பெரும்பாலானவர்கள் படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள். என்.எஃப்.எல். டிராஃப்டில் வருடத்துக்கு எடுக்கப்படுபவர்கள் சுமார் 250 பேர். அந்த வடிகட்டலுக்குப் பிறகு நிற்கிறவன் 120 கிலோ எடையோடு குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிற வேகம் உள்ளவன். உள்ளே ஓரடி வைத்து ஏமாற்றிவிட்டு வெளியே திரும்பக்கூடியவன். அங்கே ஓட்டத்தை மட்டும் நம்பி வந்தவருக்கு முதல் பருவத்தில் ஏழெட்டு ஆட்டம் தேன் மாதிரி ஓடும். அதற்குள் எல்லா அணியும் வீடியோ பார்த்துவிடும்.

எங்கள் லாமருக்கே அது நடந்தது. 2018 நவம்பரில் அப்போதைய குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவுக்கு இடுப்பில் அடி பட்டு இவர் உள்ளே வந்தார். ஏழு ஆட்டத்தில் ஆறு வெற்றி. ஏழில் இழந்த அந்த ஒன்றும் கேன்சஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில்தான். அப்புறம் 2019 ஜனவரியில் பிளேஆஃப், தோற்றால் வெளியேறும் சுற்று. சார்ஜர்ஸ் அணி கனத்த லைன்பேக்கர்களை (தடுப்பின் நடுவரிசை ஆட்கள்) வெளியே உட்காரவைத்துவிட்டு, பின்வரிசையில் ஆடும் வேகமான ஆட்கள் ஏழு பேரைக் களத்தில் நிறுத்தியது. லாமர் எங்கே திரும்பினாலும் அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஒருவன். 23-17 என்று தோற்றோம். பாதி ஆட்டத்தில் ஃபிளாக்கோவைக் கூப்பிடு என்று மைதானமே கத்தியது. "ரிசீவராகப் போ என்று அன்றைக்கே சொன்னார்களே" என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த ஒரு மாதம் என் உயிரை எடுத்தார். சொன்னது சாதாரண ஆளா? பில் போலியன், அணிகளைக் கட்டி நடத்திப் பெயர் வாங்கியவர், ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்.

அடுத்த வருடம் நடந்ததைத்தான் சரவணன் தம்பி கவனிக்க வேண்டும். லாமர் 2019-இல் 1,206 கெஜம் ஓடினார், குவார்ட்டர்பேக்குகளில் அது சாதனை. எல்லாரும் அதையே சொல்வார்கள். அதே வருடம் அவர் எறிந்த டச்டவுன் பாஸ் 36, லீக்கிலேயே அதிகம். இது பாதிப் பேருக்குத் தெரியாது. ஏழு பின்வரிசை ஆட்களை நிறுத்தினால் அந்த லேசான ஆட்கள் மேலேயே இடித்து ஓட்டத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். அணி மொத்தமாக 3,296 கெஜம் ஓடியது, அது லீக் சாதனை. ஓட்டத்தை மறிக்க முன்னால் கூட்டம் கூட்டினால் தலைக்கு மேல் பந்து பறந்தது. வாக்களித்த ஒருவர் விடாமல் எம்.வி.பி.க்கு அவரையே எழுதினார்கள்.

இன்னும் ஒன்று. ஓடுகிறவர் எதிரே நிற்கும்போது தடுப்பாளர்கள் ஆளுக்கு ஆள் ரிசீவரின் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஓட முடியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் குவார்ட்டர்பேக் 20 கெஜம் போயிருப்பார். அதனால் எல்லாரும் அவரைப் பார்த்தபடி ஆளுக்கொரு இடத்தைக் காவல் காக்கிறார்கள். இடத்தைக் காத்தால் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் பந்தைப் போடத் தெரிந்தால் அவர் பிழைத்தார். தெரியாவிட்டால் டீபோ.

டீபோவை நான் கேலி செய்யவில்லை. 2012 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கை அவர் வீட்டுக்கு அனுப்பினபோது எங்கள் தெருவில் கைதட்டாதவர் இல்லை (பால்டிமோர்க்காரர்களுக்கு பிட்ஸ்பர்க் தோற்றால் தனி சந்தோஷம்). கூடுதல் நேரத்தில் முதல் எறிதலிலேயே 80 கெஜ டச்டவுன். ஆனால் அந்த 2011 பருவம் முழுக்க அவர் எறிந்த பாஸ்களில் போய்ச் சேர்ந்தவை 46.5 சதவீதம். இரண்டு எறிந்தால் ஒன்றுகூட நிச்சயமில்லை. அடுத்த வாரமே நியூ இங்கிலாந்திடம் 45-10. பருவம் முடிந்ததும் பெய்டன் மேனிங் என்ற பெரிய குவார்ட்டர்பேக் கிடைத்தார், இவர் ஆடிய டென்வர் அணி இவரை அனுப்பிவிட்டது. அவரை வெளியேற்றியது அவருடைய கை. கால் பாவம், அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

---

பள்ளத்தூர் பி.டி. மாஸ்டர்:

ஆச்சி சொன்னதோடு உடம்புப் பக்கத்தையும் சேர்க்கிறேன். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு இது புரியும். பொட்டலில் அவிழ்த்துவிட்ட மாட்டுக்கு எந்தப் பக்கமும் வழி, பிடிக்க வருகிறவன்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். அதே மாட்டை ஒரு சந்துக்குள் விட்டால் ஆட்டமே வேறு. கல்லூரி மைதானம் பொட்டல், என்.எஃப்.எல். சந்து.

காயத்தைப் பற்றி மணி சொன்னதில் பாதி உண்மை. ஓடுகிறவர் தரையில் காலை நீட்டிச் சறுக்கினால் விதிப்படி அத்தோடு பந்து செத்தது, மேலே யாரும் விழக்கூடாது. இந்தச் சறுக்கலைக் கற்காதவர்கள்தான் சீக்கிரம் உடைகிறார்கள். கல்லூரியில் ஒவ்வொரு கெஜத்துக்கும் மோதிப் பழகியவர்களுக்கு, இரண்டு கெஜத்தை விட்டுக்கொடுத்துச் சறுக்கு என்றால் மானப் பிரச்சினையாகத் தெரிகிறது. என் பையன்களுக்கு கபடியில் "போதும், கோட்டுக்கு வா" என்று சொல்லிக்கொடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

---

கொத்தமங்கலம் ஆச்சி:

மாஸ்டர், பொட்டலும் சந்தும் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மைதானத்தின் அகலம் இரண்டு இடத்திலும் ஒன்றே, 160 அடி. மாறுவது நடுவில் போட்டிருக்கும் ஹேஷ் கோடு. ஒரு முயற்சி ஓரத்தில் முடிந்தால் அடுத்த முயற்சிக்குப் பந்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். கல்லூரியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே 40 அடி. என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கம்தான் நெப்ராஸ்கா பிழைத்த இடம். என்.எஃப்.எல்.லில் அகலமான பக்கமே 90 அடிக்கு உள்ளே. வேகமான தடுப்பாளனுக்கு அந்தப் பத்து அடி போதும்.

காயத்துக்கும் ஒரு வார்த்தை. கிரிஃபினின் முட்டியில் முதல் அடி விழுந்தது 2012 டிசம்பரில் எங்கள் அணியோடு ஆடும்போதுதான். ஓடி முடிக்கிற இடத்தில் ஹலோட்டி ங்காட்டா வந்து மோதினார், அவர் எடை 150 கிலோவுக்குக் குறையாது. ஒரு மாதத்தில் அதே முட்டியோடு சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃபில் இறக்கினார்கள். மைதானமும் மோசம். மிச்சம் இருந்த தசைநாரும் போனது. ஓடியதால் போனதா, நொண்டுகிறவரை உட்காரவைக்காததால் போனதா? எனக்கு இரண்டாவதுதான் பெரிய பாவமாகத் தெரிகிறது. லாமருக்கு 2022-இல் முட்டியில் அடி பட்டு மீதிப் பருவமே போனது. அது டென்வர் ஆட்டத்தில், ஓடாமல் பின்னால் நின்று எறியப் பார்த்தபோது சாய்க்கப்பட்டு வந்த அடி. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும்போது பக்கவாட்டில் வாங்குகிற அடிக்கு உடம்பு தயாராக இருக்காது. ஓடும்போதாவது வருகிறவனைப் பார்க்கலாம்.

கிரிஃபின் கதை முடிந்தது என்றீர்கள் மணி தம்பி. பிற்பாடு அவர் பால்டிமோரில் லாமருக்கே மாற்று ஆளாக மூன்று பருவம் இருந்தார். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

---

தேவகோட்டை மணி:

ஆச்சி, எல்லாம் சரி. லாமர் 2019, 2023 என்று இரண்டு எம்.வி.பி. வாங்கினார். கோப்பை? 2024 பருவம் முடிய சூப்பர் பவுலுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லையே. ஓடுகிற குவார்ட்டர்பேக் கேப்பர்னிக் போனார், தோற்றார். நியூட்டன் போனார், தோற்றார். சூப்பர் பவுல் நடக்கும் பிப்ரவரியில் ஓட்டம் கைகொடுக்காது.

---

கொத்தமங்கலம் ஆச்சி:

2025 பிப்ரவரியில் கைகொடுத்ததே, தம்பி. ஃபிலடெல்பியா 40, கேன்சஸ் சிட்டி 22. எனக்கு ஃபிலடெல்பியா அணி மேல் பாசம் கிடையாது, ஆனாலும் சொல்கிறேன். ஜேலன் ஹர்ட்ஸ் 22 பாஸில் 17 சேர்த்தார், 72 கெஜம் ஓடினார், அந்த ஆட்டத்தின் எம்.வி.பி. அவர்தான். இரண்டு வருடம் முன்னால் அதே கேன்சஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்ற இறுதி ஆட்டத்திலும் மூன்று டச்டவுன் ஓடியே போட்டவர்.

அவர் வந்த வழியைப் பாருங்கள். 2018 ஜனவரியில் அலபாமாவுக்குத் தேசிய இறுதி ஆட்டம். பாஸ் போகவில்லை என்று இடைவேளையில் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு டுவா என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை இறக்கினார்கள், ஜெயித்தும்விட்டார்கள். நாடே பார்த்த அவமானம். அந்தப் பையன் ஒரு வருடம் மாற்று ஆளாக அங்கேயே இருந்தார், பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய் எறிவதை ஒழுங்காகக் கற்றார். 2020 டிராஃப்டில் 53-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஜாஷ் ஆலனும் அப்படியே. 2018-இல் பஃபலோவில் முதல் வருடம் சேர்ந்த பாஸ் 52.8 சதவீதம், மாடு முட்டுகிற மாதிரி ஓடித்தான் தப்பித்தார். 2020-இல் 69.2 சதவீதம். 2024-இல் எம்.வி.பி. ஓட்டத்தை இருவரும் விடவில்லை. கை தேறுகிற வரைக்கும் அவர்களைக் களத்தில் வைத்திருந்தது அந்தக் கால்தான் என்பேன்.

ஃபிரேசியர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு 1994-லேயே காலில் ரத்தக்கட்டு வந்திருந்தது. எந்த அணியும் எடுக்காததற்கு அந்தப் பயம் ஒரு பெரிய காரணம். நெப்ராஸ்காவில் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் வைத்திருந்த முறையில் பாஸே குறைவு, அதனால் அவர் கையை எடைபோடவும் அணிகளுக்கு வழியில்லை. இன்றைக்குப் பிறந்திருந்தால் அந்தப் பையன் ஓட்டத்தோடு வாரத்துக்கு முப்பது பாஸ் எறிகிற அணியில்தான் வளர்ந்திருப்பார். கிரவுச்சை ரிசீவராக மாற்றிய காலமும் அதுதான். மாற்றுவது எப்போதும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜூலியன் எடல்மன் ரிசீவராக மாறி ஒரு சூப்பர் பவுலின் எம்.வி.பி. ஆனார். லாமரை அப்படி மாற்றியிருந்தால் போலியன் வாய் ஜெயித்திருக்கும், பால்டிமோர் தோற்றிருக்கும்.

---

புதுவயல் சரவணன்:

நன்றி ஆச்சி, நன்றி மாஸ்டர். ரத்தக்கட்டு விஷயத்தை எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை!

இன்னொன்று மட்டும். சனிக்கிழமை ஒரு கல்லூரி ஆட்டம் பார்க்கும்போது, இந்தப் பையன் தேறுவான், இவன் தேற மாட்டான் என்று எதை வைத்துப் பார்ப்பது? ஓடிய கெஜக் கணக்கை வைத்தா?

---

கொத்தமங்கலம் ஆச்சி:

கெஜக் கணக்கை நம்பாதீர்கள். கல்லூரியில் குவார்ட்டர்பேக் பின்னால் சாய்க்கப்பட்டால் அந்த நஷ்டத்தை அவர் ஓடிய கெஜத்தில் கழித்துவிடுவார்கள். என்.எஃப்.எல்.லில் அதை அணியின் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

நான் பார்ப்பது மூன்றாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), எட்டு கெஜம் வேண்டும் என்கிற நிலைமை. அவர் எறியத்தான் போகிறார் என்று மைதானத்துக்கே தெரியும். முதல் ரிசீவரை மூடிவிட்டார்கள். அந்த நொடியில் பையனின் கண் எங்கே போகிறது? கீழே இறங்கி, துரத்தி வருகிறவர்களைப் பார்த்து, உடனே ஓட்டம் பிடித்தால் கல்லூரியோடு சரி. கால் நகர்ந்துகொண்டே இருக்க, கண் மட்டும் மேலேயே இருந்து இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேடினால் அவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்.எஸ்.யு.வில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஜேடன் டேனியல்ஸ் 2023-இல் ஹைஸ்மன் வாங்கினபோது நான் அப்படித்தான் எழுதி வைத்தேன். முதலில் ஆடிய கல்லூரியில் சீக்கிரம் ஓட்டம் பிடித்தவர், கடைசி வருடத்தில் பொறுமையாக நின்று தூரத்துப் பந்து எறிந்தார். 2024-இல் வாஷிங்டனுக்குப் போய் 891 கெஜம் ஓடினார், புது வருகை குவார்ட்டர்பேக்குகளில் அது சாதனை. எறிந்தும் காட்டினார், அணியை இறுதிக்கு ஒரு படி முன்னால் வரைக்கும் கொண்டுபோனார்.

அப்புறம் எடுக்கிற அணியையும் பாருங்கள். 2019-இல் பால்டிமோர் லாமருக்காகத் தாக்குதலையே மாற்றிக் கட்டியது, அதற்கு கேப்பர்னிக்கை வைத்து வேலை பார்த்த பயிற்சியாளர் கிரெக் ரோமனைப் பொறுப்பில் வைத்தது. பழைய திட்டத்தில் ஓடுகிற பையனைத் திணித்துவிட்டு இரண்டு வருடத்தில் துரத்தும் அணிகளும் உண்டு. அங்கே போனால் எப்படிப்பட்டவனும் மணி தம்பியின் பட்டியலில் சேர்ந்துவிடுவான்.

---

தேவகோட்டை மணி:

சரி ஆச்சி, டேனியல்ஸை என் பட்டியலில் இப்போதைக்குச் சேர்க்கவில்லை. ஆள் ரொம்ப ஒல்லி. முப்பது வயதில் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

---

பள்ளத்தூர் பி.டி. மாஸ்டர்:

அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன் மணி. சரவணா, இந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை எதில் பார்க்கிறாய்? லிங்க் இருந்தால் எனக்கும் அனுப்பு.